நிமிஷத்துக்கு முப்பது

ஆனி மாதம் பதினெட்டாம் தேதி காலையில் சுருளிப்பட்டியிலிருந்து வேல்விழி போன் செய்தபோது, பாண்டீஸ்வரன் கம்பத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் நின்று கண்காணிப்புக் கேமராவுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தான். வீட்டு டிவியில் படம் தெளிவாக இல்லை, வந்து சரிசெய்து தர வேண்டும் என்றாள். பொழுது சாய வருகிறேன் என்றான். வெளிச்சம் இருக்கும்போதே வரச் சொன்னாள். டிவி பார்க்க வெளிச்சம் எதற்கு என்று கேட்க வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டான். மூன்று மாதத்துக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்த வீடு அது.

அந்த டிவியும் அதற்குக் கீழே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரும் அவன் கையால் பூட்டியவை. வேல்விழி பதினோரு வருஷமாக மஸ்கட்டில் நர்ஸ். ஊரில் அவள் புருஷன் முத்துவீரன் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சையையும் மகள் கயலையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் குடியும் கிடையாது, சீட்டும் கிடையாது, படம் மட்டும்தான். ஐம்பத்தைந்து அங்குல டிவி வாங்கி, இன்டர்நெட்டில் வருகிற படம் தியேட்டரில் தெரிகிற மாதிரி தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டரும் நாலு ஸ்பீக்கரும் வைக்கச் சொன்னான். பூட்டி முடித்த பிறகும் விடவில்லை. "நடிகை மூக்குத்தியில எத்தன கல்லுன்னு எண்ணணும் தம்பி, அம்புட்டுத் தெளிவு வேணும்" என்று மாதம் ஒருதரம் கூப்பிடுவான். ஒவ்வொரு தடவையும் எதையாவது ஒன்றைக் கூட்டி வைத்துவிட்டு வருவான் பாண்டீஸ்வரன்.

பங்குனி எட்டாம் தேதி பகல் பதினொன்றரைக்குக் கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த முத்துவீரன், பந்தல் கல்தூணைப் பிடித்தபடியே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. கம்பத்துக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் பிற்பகல் சுருளியாற்றங்கரையில் புதைத்தார்கள். அந்தப் பங்காளி வகையில் எரிக்கிற வழக்கம் இல்லை. வேல்விழிக்கு லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து வந்துசேர நாலு நாள் ஆகும் என்று தெரிந்தது. முத்துவீரனின் அண்ணன் ராக்கப்பன்தான் போனில் கேட்டார்: "வச்சிருக்கவா, எடுக்கவா ஆத்தா?" அவள் எடுத்துவிடச் சொன்னாள். அதற்குப் பிறகு லீவே தள்ளிப்போய், ஆனி பிறந்துதான் ஊர் வந்து சேர்ந்தாள்.

வெளியூர்ச் சொந்தங்கள் பார்ப்பதற்காகச் சாவு வீட்டையும் இப்போது நேரலையில் காட்டுகிறார்கள். கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அழகர் கேமரா போட்டு யூடியூப்பில் விட்டிருந்தார். வேல்விழி மஸ்கட்டில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அதை உள்ளங்கை அளவு போனில் பார்த்தாள். அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருந்தது.

பாண்டீஸ்வரன் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. மலை இறக்கத்திலிருந்து வரும் காற்று தென்னை மட்டைகளைச் சீவி எறிந்துகொண்டிருந்தது. ராக்கப்பன் வீடும் முத்துவீரன் வீடும் ஒரே காம்பவுண்டு. ராக்கப்பனின் மனைவி ஜோதிலட்சுமி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வா தம்பி. டிவி ரிப்பேருக்கு வந்தியா, டாக்டருக்குப் படிச்சிட்டு வந்தியா? உள்ள ஒரு நர்சம்மா இருக்காக, பாத்துப் பேசு" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

உள்ளே கயல் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். திரையில் முதலில் வந்தது முத்துவீரனின் யூடியூப் பக்கம். திராட்சைக் கவாத்து, சொட்டுநீர், பாதியில் நிறுத்திய இரண்டு படம் எல்லாம் வரிசையாக நின்று, தொடர்ந்து பார்க்கிறீர்களா என்று கேட்டது. பாண்டீஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

வேல்விழி கீபோர்டை வாங்கி, நேரலைப் பதிவை எடுத்து, ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் நிறுத்தினாள். குளிப்பாட்டி முடித்து, பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே, நீலச் சுவரோரம் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மாலைகள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அழகர் டீ குடிக்கப் போயிருப்பார் போல. நாலு நிமிஷம் படம் அசையாமல் நின்றது. முகம் கட்டம் கட்டமாகக் கலைந்திருந்தது.

"நெஞ்சப் பாருங்க தம்பி" என்றாள்.

அவன் பார்த்தான். மாலைக்குக் கீழே கோடித்துணி லேசாக எழும்பி அமர்ந்தது. இன்னொரு தரம் எழும்பி அமர்ந்தது. மூக்கும் வாயும் இருக்கிற இடத்தில் நிழல் ஒன்று வந்து வந்து போயிற்று.

"போன்ல தெரியல. இங்கன வந்து பெருசாப் பாத்த பெறகுதான் தெரிஞ்சுச்சு. எண்ணுனேன். நிமிஷத்துக்கு முப்பது. மூச்சுக்குத் தவிக்கிறவனுக்கு வர்ற கணக்கு அது. பூச்சிமருந்து ஏறுன ஒடம்புல நாடி கையில கெடைக்காது தம்பி. ஒரு ஈசிஜி எடுத்தாகளான்னு கேட்டேன், யாருக்கும் தெரியல. படத்தத் தெளிவு பண்ணிக் குடுங்க. திங்கக்கெழம உத்தமபாளையம் ஆர்டிஓ ஆபீசுல மனுக் குடுக்கப்போறேன், குழியத் தோண்டிப் பாக்கச் சொல்லி. அதுக்குள்ள வேணும்."

பாண்டீஸ்வரனுக்குக் காரணம் தெரிந்திருந்தது, சொல்லவும் செய்தான். நெட் மெதுவாக இருக்கிற இடத்திலிருந்து அனுப்பினால் படம் முழுதாகப் போகாது. இரண்டு செகண்டுக்கு ஒருதரம்தான் முழுப்படம் புதிதாக வரும். நடுவில் அதையே தேய்த்துத் தேய்த்து ஓட்டும். புதிது வந்து உட்காரும்போது ஒரு துள்ளல் துள்ளும். மலையடிவாரத்தில் டவர் கிடைப்பதே பெரிய காரியம், அதனால் துள்ளல் கூடுதலாகத் தெரிகிறது என்றான்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "இருபது வருஷமா எனக்கு மூச்ச எண்ணுறதுதான் வேல" என்றாள்.

வெளியே வந்தபோது ஜோதிலட்சுமி அவனை நிறுத்தி வைத்துக்கொண்டாள். ஆனி இருபத்தாறு புதன்கிழமை குழிமேட்டுக்குச் சிமெண்டு பூசக் கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் அந்த வேலை தொட மாட்டார்கள். ஆவணி வரைக்கும் போட்டால் சாரலுக்கு மண் தாழ்ந்துபோகும். இவளானால் பூசக்கூடாது என்கிறாள். தோண்டினால் என்ன ஆகும்? உயிரோடு தம்பியைப் புதைத்தவன் என்று ஊர் சொல்லுமே. "அந்த மனுசன் மூணு மாசமாத் தம்பி கொடியையும் சேத்து முடிஞ்சு கட்டிக்கிட்டு இருக்காரு. பிள்ளைய நான் பாக்குறேன். தோண்டுன பெறகு இந்தப் பிள்ள எந்த வாசல்ல நின்டு சாப்பிடும், அதச் சொல்லு" என்றாள். கீரையை விட்டுக் காம்பைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அதை அவள் கவனிக்கவில்லை.

இருபதாம் தேதி நண்பகலில் பாண்டீஸ்வரன் சாமான்களோடு வந்தான். வேலையை ஒழுங்காகச் செய்கிறவன். முதலில் வாசல் ஜன்னலில் இருந்த நெட் பெட்டியிலிருந்து கூடம்வரை சுவரோரமாக வயர் அடித்து நெட்டை நேரே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தான். காற்றில் வருவது ஏறி இறங்கும், வயரில் வருவது நிதானம். பிறகு டிவிக்குப் போகும் பழைய கேபிளைக் கழற்றிப் புதிது மாட்டினான். யூடியூப்பில் தானாகக் கூட்டிக் குறைக்கிற அமைப்பை எடுத்துவிட்டு, அந்தப் பதிவுக்கு இருந்த உச்ச அளவிலேயே நிறுத்தினான். கடைசியாக டிவியின் அமைப்புக்குள் போனான். கூர்மை நூறில் இருந்தது. வண்ணம் உச்சியில். அசைவை வழுக்கலாகக் காட்டுவது என்று ஒன்று, அதுவும் உச்சியில். எல்லாம் முத்துவீரன் கேட்டுக் கேட்டு அவனே கூட்டி வைத்தது. ஒவ்வொன்றாக இறக்கினான்.

கயல் அவனுக்குக் கட்டன் டீ கொண்டுவந்து வைத்தாள். அதே நேரத்தில் கொல்லைப்பக்கமாக ராக்கப்பனும் வந்தார். கொடி முடிகிற சணல் இழை கழுத்தில் தொங்கியது. கூடத்துக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

படம் மாறியிருந்தது. மாலையில் ரோஜா வேறு, சம்பங்கி வேறு என்று தெரிந்தது. நெஞ்சு எழும்புவது குறைந்திருந்தது, நிற்கவில்லை. வேல்விழி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலாவது நிமிஷத்தில் திரைக்குள் ராக்கப்பன் வந்தார். பெஞ்சருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் வைத்திருந்த எதையோ தம்பி முகத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். முன்பு அது வெள்ளையாக ஒரு பூச்சு மாதிரிதான் தெரிந்திருக்கும். இப்போது போன் என்று தெரிந்தது. போனின் வெளிச்சம் முத்துவீரன் முகத்தில் விழுந்திருந்தது.

வேல்விழி எண்ணுவதை நிறுத்தினாள். அது நேரலைக்கு நடுவே அவள் போட்ட வீடியோ அழைப்பு. அழைப்பு முழுதும் அவளுக்குத் தெரிந்தது பச்சை வலையும் அதற்கு மேலே வெயிலும்தான். "முகத்தக் காட்டுங்க, முகத்தக் காட்டுங்க" என்று அவள் கத்தியதைக் கொட்டுச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை. முகத்தை ஏன் மறைத்தார்கள் என்கிற கேள்வியும் அவளுடைய மனுவில் இருந்தது.

கயல்தான் சொன்னாள். "வந்த ஆளுகளக் காட்டச் சொன்னேல்லம்மா? நாந்தான் பின்னாடி கேமராவுக்கு மாத்துனேன். அப்படியே பெரியப்பா கையில குடுத்துட்டேன். பெரியப்பா உன்னைய அப்பாவுக்குக் காட்டியிருக்காரு."

போனில் மனைவி தெரிகிறாள். தம்பி கடைசியாக ஒருதரம் பார்க்கட்டும் என்று திரையை அவன் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார் ராக்கப்பன். கேமரா வானத்தைப் பார்த்தது.

ராக்கப்பன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று பிறகு ஜோதிலட்சுமி கேட்டதற்கு, போனைப் பிடித்தேன், அதற்கு மேல் அதில் என்ன தெரியும் என்று நான் என்னத்தைக் கண்டேன் என்றாராம்.

வேல்விழி திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் கண் தளும்பியது. ஆனால் கேட்டது வேறு. "செத்தவுகளுக்கு யாராச்சும் போனக் காட்டுவாகளா பெரியத்தான்? அவருக்கு உசுரு இருக்குன்னு அப்ப உங்களுக்கே தோணியிருக்கு. இல்லாட்டிக் காட்டியிருப்பீகளா?"

ராக்கப்பனுக்கென்று வைத்த கட்டன் நிலைப்படி ஓரத்திலேயே இருந்தது. அவர் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் நடந்து போனார். அன்று சோற்றுக்கும் வரவில்லை என்று கயல் மறுநாள் போனில் சொன்னாள்.

பாண்டீஸ்வரன் கம்பத்தில் அழகரின் ஸ்டுடியோவுக்குப் போனான். நேரலைக்கு அனுப்பியது கலங்கல் என்றாலும் கேமரா அட்டையில் பதிந்தது தெளிவாக இருக்கும் அல்லவா? அந்த அட்டையில் வைகாசி மாதம் மூன்று கல்யாணம் பதிந்தாகிவிட்டது என்றார் அழகர். சாவு வீட்டுப் படத்தைத் திருப்பிக் கேட்டு வருவார்கள் என்று யார் நினைத்தது? அவரும் ஒருதரம் பதிவைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இத எதுக்குலே எனக்குக் காட்டுன?" என்றார். அன்று கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

மிச்சம் ஒரு வழிதான் இருந்தது. கம்ப்யூட்டரின் உள்ளே படத்துக்கென்று ஓர் அட்டை உண்டு. அதற்குப் புது மென்பொருள் வந்திருந்தது. கலங்கலாக வரும் படத்தை அதுவே ஊகித்துத் தெளிவாக்கும். ஒன்றிலிருந்து நாலு வரை படி. பாண்டீஸ்வரனுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. இல்லாததை அது வரைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி வெயில். ஜோதிலட்சுமி வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே கிண்ணம் போய் வருவது மூன்று நாளாக நின்றிருந்தது. வேல்விழி மெலிந்துபோயிருந்தாள். மேசையில் மனு மடித்து வைத்திருந்தது. மேலே ஒரு தண்ணீர்ச் செம்பு, காற்றுக்குப் பறக்காமல்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னான். "யக்கா, அனுப்பும்போதே கொறஞ்சு வந்தத இங்கன உக்காந்து கூட்ட முடியாது. இது கூட்டுற மாதிரி காட்டும். அம்புட்டுத்தான்."

"போடுங்க" என்றாள்.

ஒன்று போட்டான். கட்டங்கள் கரைந்தன. இரண்டு. நெற்றியில் திருநீறு விரல் விரலாகத் தெரிந்தது. மூன்று. மீசையில் நரை தெரிந்தது. கயல் ஓரடி முன்னால் வந்தாள். நாலு.

முத்துவீரன் கண்ணைத் திறந்திருந்தான்.

மூடியிருந்த இமையின் நிழலை என்னவென்று எடுத்துக்கொண்டதோ அந்த மென்பொருள், இமைமுடி வரைந்து, நடுவில் கறுப்பாக ஒரு மணியும் வைத்திருந்தது. அடுத்த துள்ளலில் மூடியது. அதற்கடுத்ததில் திறந்தது. கயல் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். பாண்டீஸ்வரனின் கை கீபோர்டில் எதையோ தேடிக் கிடைக்காமல் தடவியது.

வேல்விழி எழுந்து டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். வார்டில் நோயாளியைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்து, கீழிருந்து மேலாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அணைக்காதீங்க" என்றாள். பிறகு, "இது அவரு கண்ணு இல்ல. அவருக்கு எமையில முடியே கெடையாது. சின்னப் பிள்ளையில அம்மை போட்டு உதிந்துபோச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப அதத்தான் மொதல்ல பாத்தேன்."

"மெஷின் வரைஞ்சது யக்கா."

"ம்."

அவள் கண்ணை விட்டுவிட்டு நெஞ்சுக்கு இறங்கினாள். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம், முப்பது. வாய்க்குள் எண்ணுவது உதட்டில் தெரிந்தது. அடுத்த நிமிஷம், முப்பது. மூன்றாவது, முப்பது. நாலாவது நிமிஷம் முடிந்து படம் வேறு பக்கம் திரும்பியதும், முதலிலிருந்து போடச் சொன்னாள். மறுபடியும் முப்பது. பத்து நாளாக அவள் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம்தான் எண்ணியிருக்கிறாள். ஒரு நிமிஷம் எண்ணினாலே தாங்க முடியாமல் எழுந்து போயிருக்கிறாள். தொடர்ந்து எண்ணியது அன்றுதான்.

"தம்பி, மூச்சு இப்படி வராது" என்றாள்.

பாண்டீஸ்வரன் அவளையே பார்த்தான்.

"சாகப்போறவனுக்குக் கூடும், கொறையும். நின்டு நின்டு வரும். பச்சப்பிள்ளைக்கே ஒரு நிமிசம் போல இன்னொரு நிமிசம் இருக்காது. முப்பதுன்னா முப்பது, கூடவுமில்ல கொறையவுமில்ல, இது வெண்டிலேட்டர்ல போட்டவனுக்குத்தான் வரும். மெஷின் ஊதுறது."

மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்தாள். பெஞ்சில் கிடந்த உடம்பு முழுதும் மறைகிற மாதிரி டிவியின் மேல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். நீலச் சுவரும் சுற்றியிருந்தவையும் மட்டும் மிச்சம். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் ஒன்று, ஆணி ஒன்று, ஆணியில் ஒரு காலண்டர்.

"எண்ணுங்க" என்றாள்.

அவன் எண்ணினான். காலண்டர் லேசாக எழும்பி அமர்ந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த இடம் விரிந்து சுருங்கியது. மறுபடி விரிந்து சுருங்கியது. சுவர் முழுதும், பந்தல் கால், பெஞ்சுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த கிழவர்களின் வேட்டி, தரையில் கிடந்த பூ, எல்லாம் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. முப்பது என்றான். இரண்டு செகண்டுக்கு ஒன்று.

"சுவரும் விடுது" என்றாள் வேல்விழி. செய்தித்தாளைப் பிடித்த கையை இறக்காமலே சற்று நேரம் நின்றாள். பிறகு அதை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. சந்தோஷமும் இல்லை. பத்து நாளாகப் பக்கத்திலேயே இருந்த ஆள் ஒருவர் எழுந்து போனது போல இருந்தது அவள் முகம். கொல்லையிலிருந்து திரும்பி வந்த கயல் அம்மாவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அப்பா போய்ட்டாருடி" என்றாள் அவளிடம், அன்றுதான் சேதி வந்த மாதிரி.

பாண்டீஸ்வரன் மென்பொருளை எடுத்துவிட்டு, டிவியை அணைத்துவிட்டு வந்தான். மறுநாள் அவள் உத்தமபாளையம் போகவில்லை. ஜோதிலட்சுமி வாசலுக்குப் போய், "புதன்கெழம பூசச் சொல்லுங்கக்கா. பெரியத்தான்கிட்டப் பேசுன பேச்சுக்கு நான் வந்து கும்பிடணும்" என்றாள். ஜோதிலட்சுமி, "கும்பிடு ஒண்ணுதான் கொறச்ச. நீ சாப்ட்டியா? மூஞ்சி கருவாடாட்டம் கெடக்கு, வா" என்று சட்டியைத் திறந்தாள்.

ராக்கப்பன் அதைக் கேட்டார். கயல் ஆசையாக எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். சுவர், காலண்டர், முப்பது. தலையை ஆட்டிக்கொண்டார். சரி சரி என்றார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் சிமெண்டும் மணலும் ஆற்றங்கரைக்குப் போய்விட்டன. சாரல் விழுந்து விழுந்து நின்றது. அந்தப் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குள் போகிற வழக்கம் இல்லை. வேல்விழியும் ஜோதிலட்சுமியும் கரைமேட்டில், புங்கமரத்துக்குக் கீழே நின்றார்கள். அங்கிருந்து மேடு தெரியும். கொத்தனார் முத்துராஜா செங்கல் வரிசை வைத்து முடித்து, கலவையைக் குழைத்து, கரண்டியைத் தட்டினார். அதோடு நின்றுவிட்டார்.

கால்மணி நேரம் ஆயிற்று. கரண்டி அசையவில்லை. ராக்கப்பன் மேட்டின் தலைமாட்டில் குந்தியிருப்பது மட்டும் தெரிந்தது. முத்துராஜா கரையைப் பார்த்துக் கையை விரித்தார். வேல்விழி இறங்கினாள். ஜோதிலட்சுமி "ஏ வேலு" என்று ஒருதரம் சொன்னாள், பிறகு சொல்லவில்லை.

"அண்ணே பூச வேணாங்குறாக. கலவ இறுகுதுத்தா" என்றார் முத்துராஜா.

வேல்விழி ராக்கப்பனுக்கு எதிரே உட்கார்ந்தாள். நடுவில் மேடு. அவர் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக இந்தச் சிமெண்டுக்கு அவசரப்பட்டவர் அவர்தான்.

"பெரியத்தான், சுவர நீங்களும் வந்து ஒருக்காப் பாருங்க. நான் போட்டுக் காட்டுறேன்."

"நீ சுவரப் பாத்த ஆத்தா" என்றார் ராக்கப்பன். குரல் காற்றில் பாதிதான் கேட்டது. "நான் சுவரத் தொடலயே. அவனைத்தான தொட்டேன்."

அவள் அவர் கையைப் பார்த்தாள்.

"குளுப்பாட்டித் தொடச்சுக் கெடத்துனோம். நெத்தியில துண்ணூறு வைக்கப் போறேன், நெத்தி வேத்திருக்கு. பொடிப்பொடியா. தொடச்சேன். மறுபடியும் பூத்துச்சு. மறுபடியும் தொடச்சேன். கொடியில நின்டு வந்தா எப்படி வேக்குமோ அப்படி. அதுக்குப் பெறகுதான் போன வாங்கிக் காட்டுனேன், பாக்குறானான்னு. யாருகிட்டயும் சொல்லல. சங்கு ஊதிட்டாக, ஆளுக தூக்க நிக்கிறாக, நீயும் எடுத்துருங்கன்னுட்ட. அந்தச் சத்தத்துல நான் என்னன்னு சொல்ல?"

முத்துராஜா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

வேல்விழிக்குப் பதில் தெரியும். ராத்திரி முழுதும் ஐஸ் பெட்டியில் கிடந்த உடம்பு. பங்குனி வெயிலில் வெளியே எடுத்தால் பூக்கத்தான் செய்யும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சோடா பாட்டில் வேர்க்கிறதே, அதேதான். இதை அவள் எத்தனையோ பேருக்கு அவரவர் பாஷையில் சொல்லியிருக்கிறாள். அவருக்கும் சொன்னாள், நிதானமாக, ஒன்றும் விடாமல்.

"வெளங்குது" என்றார் ராக்கப்பன். கொஞ்சம் கழித்து, "சோடா பாட்டிலுன்னு கைக்குத் தெரிய மாட்டேங்குதே" என்றார்.

சாரல் மறுபடி பிடித்தது. செங்கல் வரிசைக்குள் மண் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்கு மேல் சொல்ல நர்ஸிடம் ஒன்றும் இல்லை. இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கலவையைக் கொட்டிவிட்டு மண்வெட்டியை எடுப்பார்கள். பத்து நாள் முன்னால் அவள் கேட்டது அதைத்தான். இவர் பூசச் சொன்னாலும் அந்த வார்த்தை இவர் தலையில்தான் நிற்கும். சாகிறவரை அந்த நெற்றியைத் துடைத்த கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டும் அவளுக்குத் தெரிந்தது.

எழுந்து நின்று சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

"பெரியத்தான், நீங்க கேட்டீக, வச்சிருக்கவா எடுக்கவான்னு. எடுத்துருங்கன்னு சொன்னது நானு. அதச் சொல்ல மாட்டாமத்தான் உங்கமேல மனு எழுதுனேன். இதையும் நானே சொல்லிர்றேன். நீங்க வாயத் தெறக்க வேணாம்." அவள் கொத்தனார் பக்கம் திரும்பினாள். "அண்ணே, பூசுங்க."

முத்துராஜா ராக்கப்பனைப் பார்த்தார். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முத்துராஜா கலவையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் புரட்டி, முதல் கரண்டியைக் கால்மாட்டில் போட்டு இழுத்தார். சாந்து மண்ணை மூடிக்கொண்டே மேலேறியது. நெஞ்சு இருக்கும் இடம் வந்தபோது கரண்டி ஒரு கணம் தயங்கியது, பிறகு அதையும் இழுத்துவிட்டுப் போயிற்று.

ராக்கப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். சற்று நேரம் கழித்து விரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.